அம்மாவின் போன் திறக்காத நாட்கள்

நவம்பர் 10, ஞாயிறு

அம்மா மருத்துவமனையிலிருந்து பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்துவிட்டார். உடம்பில் சோடியம் குறைந்து, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டவர், இன்று ரசத்தில் பெருங்காயம் போதவில்லை என்கிறார். எனக்கு அது போதும்.

மாலையில் போனைக் கேட்டார். சார்ஜ் இறங்கி பீரோவில் அணைந்து கிடந்தது. உயிர் வந்ததும் விரலை வைத்தார். பின் நம்பரைக் கேட்டது. அணைந்து மீண்ட ஆண்ட்ராய்டு போன் முதல்முறை ரேகையை ஏற்காது. அணையாமலே இருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது எண்ணைக் கேட்டுவிடும். அம்மாவின் கட்டைவிரல் எண்களுக்கு மேலே வந்து நின்றது. எதையும் தொடாமல் விலகியது. "போய்விட்டது, ஞாபகமே வரவில்லை" என்றார். குரலில் அத்தனை பயம். இழந்தது ஓர் எண்ணை மட்டுமல்ல என்று அவர் நினைக்கிறார்.

நவம்பர் 11, திங்கள்

அப்பா பிறந்த ஆண்டு, பழைய லேண்ட்லைன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், வீட்டுக் கதவு எண். எதுவும் இல்லை. ஐந்து முறை தவறினால் 30 வினாடி பொறுக்கச் சொல்கிறது; அதன்பின் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. நான்கு இலக்கம் என்றால் 10,000 சாத்தியங்கள். ஒவ்வொரு தவறுக்கும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். நிறுத்திவிட்டேன். உடல் தேறி வருபவரை இப்படிப் பரீட்சை எழுத வைக்கக் கூடாது.

என் போனிலிருந்து அழைத்தேன். மணி அடித்தது, திரையில் என் பெயர் வரவில்லை, வெறும் எண்தான். அணைந்து மீண்டபின் ஒருமுறை பூட்டைத் திறக்கும்வரை தொடர்பு எண்களின் பட்டியல்கூடப் போனுக்கே எட்டாது.

உள்ளே முக்கியமாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அக்கா பாடினது" என்றார். பெரியம்மா போன வருடம் காலமானார். அவரை அடுப்படியில் முக்காலி போட்டு உட்காரவைத்து, தேவாரப் பதிகங்களை ஒவ்வொன்றாகப் பாடச்சொல்லி அம்மாவே பதிவு செய்திருக்கிறார். எனக்கு இது இன்றுவரை தெரியாது.

நவம்பர் 12, செவ்வாய்

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில், "எதுவும் அழியாமல் திறந்து தருகிறேன், மூவாயிரம் ஆகும், போனை வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். அடுத்த கடையில் இருந்த இளைஞர் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூட்டை எடுக்கலாம் சார், உள்ளே இருப்பதை எடுக்க முடியாது" என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் உண்மை.

ஆண்ட்ராய்டு 4.4 வரைக்கும் கூகுள் கணக்கைக் கொடுத்து, மறந்த பேட்டர்னை மாற்ற வழி இருந்தது. இப்போது அது கிடையாது. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் போன்களில் குறியாக்கம், அதாவது உள்ளே இருப்பதைச் சாவியின்றிப் படிக்க முடியாத வடிவில் வைப்பது, கட்டாயம். உள்ளே இருப்பதைப் படிக்கும் சாவியே நாம் போடும் எண்ணோடு பிணைந்திருக்கிறது. திருடனுக்குத் திறக்காதது நமக்கும் திறக்காது. அம்மாவின் வங்கிக் கணக்கும் அதில் இருப்பதால் இந்தக் கண்டிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். கலங்கிய முகத்தோடு வருபவரிடம் "அழியாமல்" என்று சொல்லிக் காசு கேட்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் 13, புதன்

உள்ளே இருப்பதை முழுவதும் அழித்தால்தான் பூட்டு போகும். அழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு காவல் உண்டு: பூட்டைத் திறக்காமல் அழித்தால், முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கைக் கொடுத்தால்தான் போன் மீண்டும் நம்முடையதாகும். அம்மாவின் கணக்கைப் போன் விற்ற கடையிலேயே உருவாக்கிக் கொடுத்தார்கள். முகவரியும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது.

சிம்மைக் கழற்றி வீட்டிலிருந்த பழைய பட்டன் போனில் போட்டேன். கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தில் அம்மாவின் எண்ணையும் பெயரையும் கொடுத்ததும் ஓ.டி.பி. வந்தது, மின்னஞ்சல் முகவரியும் கிடைத்தது. புதிய பாஸ்வேர்டு வைத்தோம். பாஸ்வேர்டை மாற்றினால் 24 மணி நேரம் கழித்தே போனை அழிக்கும்படி கூகுள் சொல்கிறது. அவசரப்பட்டு அன்றே அழித்துவிட்டுத் தவிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மடிக்கணினியில் அதே கணக்கைத் திறந்து பார்த்தேன். படங்கள் கூகுள் போட்டோஸில் பத்திரமாக இருந்தன. வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதியும் டிரைவில் இருந்தது. குரல் பதிவுகள் எங்கும் இல்லை. ரெக்கார்டரில் பதிந்தவை போனைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை.

நவம்பர் 15, வெள்ளி

அம்மாவிடம் முழுவதையும் சொல்லிச் சம்மதம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கோயம்புத்தூருக்குச் சிலது அனுப்பினேனே" என்றார். பெரியம்மாவின் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அந்த உரையாடல் காப்புப் பிரதியில் இருந்தாக வேண்டும்.

போனை அணைத்து, பவர் பொத்தானையும் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினேன். போனை அழிக்கும் வசதி உள்ள ரெக்கவரி மெனு வந்தது. தொடுதிரை அங்கே வேலை செய்யவில்லை. ஒலிப் பொத்தானால் கீழே இறங்கி, பவர் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். அழித்ததும் கூகுள் கணக்கைக் கேட்டது. புதிய பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. சிம்மைத் திரும்பப் போட்டு வாட்ஸ்அப்பை நிறுவி, எண்ணைச் சரிபார்த்து, காப்புப் பிரதியை இறக்கினோம்.

கோவை அக்காவோடு பேசியதைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனார் அம்மா. மூன்று பதிகங்கள் இருந்தன. முதலாவதை அழுத்தியதும் குக்கர் விசில் கேட்டது, பிறகு பெரியம்மாவின் குரல். அம்மா அழவில்லை. "இந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், பார்" என்றார்.

மற்றவை போயின. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

பின் நம்பரை எங்கும் எழுதி வைக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். 71 வயதில் தனியாக வாழும் ஒருவருக்கு அந்த அறிவுரை ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். வீட்டுப் பீரோவின் லாக்கரைத் திறந்து தாளைப் படிக்க வருகிற திருடனைவிட, காய்ச்சலும் சோடியமும்தான் அம்மாவுக்கு அருகில் இருக்கின்றன. புதிய எண்ணை அவரே தேர்ந்தெடுத்தார். பாஸ் புக்கின் உறைக்குள் எழுதி வைத்தார். மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் அதே தாளில். யு.பி.ஐ. பின்னை மட்டும் எழுத வேண்டாம் என்றேன். மறந்தாலும் டெபிட் கார்டைக் கொண்டு புதிதாக வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பதிவுகளையும் டிரைவில் ஏற்றி, ஒரு பென் டிரைவிலும் போட்டுவிட்டேன். தென்காசி மாமாவுக்கும் ஏதோ அனுப்பிய நினைவு இருக்கிறதாம். வரும் சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன். மாமா எதையும் அழிக்கிற ஆள் இல்லை.