ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதிய அனுபவம்

ஆன்லைனில் சேலை விற்கும் ஒரு கடைக்கு, வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ ஏஜென்ட் ஒன்றைச் செய்துகொடுத்தோம். அதன் பின்னால் இருக்கும் மொழி மாடல் நல்ல மாடல்தான். ஆர்டரைத் தேடுவது, ரீஃபண்ட் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு அது அழைக்கும் சிறு நிரல்களைத்தான் டூல் என்கிறோம். ஆனால் "பார்சல் எங்கே?" என்று கேட்டால் சில நேரம் ஆர்டரைத் தேடும், சில நேரம் ரீஃபண்ட் டூலைப் போய்த் தட்டும். மாடலுக்கு முன்கூட்டியே கொடுக்கும் அறிவுறுத்தலான சிஸ்டம் ப்ராம்ப்டை நீட்டி நீட்டிப் பார்த்தும் சரியாகவில்லை. ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகும் லாகை வரி வரியாகப் படித்த பிறகுதான் டூல் விளக்கங்கள் மேல் சந்தேகம் வந்தது.

டூலுக்குப் பின்னால் நாம் எழுதிய கோடு (நிரல்) மாடலின் கண்ணில் படவே படாது. டூலின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன உள்ளீடு வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா, இவ்வளவுதான் அதற்குத் தெரியும். எங்கள் விளக்கங்களோ பழைய ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றையொன்று அழைக்கும் வழி) ஆவணத்திலிருந்து அப்படியே வந்தவை. 'கெட் ஆர்டர்': ஆர்டர் விவரங்களைத் தரும். 'சர்ச் ஆர்டர்ஸ்': ஆர்டர்களைத் தேடும். டெவலப்பருக்கு இது போதும், புரியாவிட்டால் பக்கத்துச் சீட்டில் கேட்டுக்கொள்வார். மாடல் யாரிடம் கேட்கும்?

'கெட் ஆர்டர்' விளக்கத்தை இப்படி மாற்றினோம்: "ஆர்டர் எண் தெரிந்திருந்தால் மட்டும் இதை அழைக்கவும். போன் எண் மட்டும் இருந்தால் முதலில் சர்ச் ஆர்டர்ஸை அழைத்து ஆர்டர் எண்ணை எடுக்கவும். டெலிவரி நிலையும் கூரியர் எண்ணும் கிடைக்கும். ரீஃபண்ட் விவரம் இதில் வராது." அதிகம் வேலை செய்தது அந்தக் கடைசி வரிதான். அது இல்லாதபோது, ரீஃபண்ட் பற்றிக் கேட்டால் ஆர்டர் விவரத்தை வைத்து மாடல் தானாக ஒரு பதிலை ஊகித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. எதற்குப் பயன்படும் என்பதை எல்லாரும் எழுதிவிடுகிறோம், எதற்குப் பயன்படாது என்பதை எழுதத் தோன்றுவதில்லை.

விளக்கம் நீண்டால் டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டு) செலவு ஏறும் என்று குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். ஒரு தவறான அழைப்பும் அதைத் திருத்த மாடல் செய்யும் மறு அழைப்புகளும் எவ்வளவு தின்கின்றன என்று லாகில் காட்டியதும் விட்டுவிட்டார். க்ளாட் மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் ஆவணமே ஒரு டூலுக்குக் குறைந்தது மூன்று நான்கு வாக்கியம் எழுதச் சொல்கிறது.

அடுத்து உள்ளீடுகள். 'ஐடி' என்று மொட்டையாக ஒரு பெயர் இருந்தது. ஆர்டர் ஐடியா, கஸ்டமர் ஐடியா? 'ஆர்டர்_ஐடி' ஆக்கினோம். தேதியில் 05/08 என்று வந்தால் மே 8-ஆ, ஆகஸ்ட் 5-ஆ? வருடம்-மாதம்-நாள் என்று வடிவத்தைச் சொல்லி, 2025-08-05 என்று உதாரணமும் கொடுத்தோம். "நேத்து வரும்னு சொன்னீங்களே" என்பதைத் தேதியாக்க இன்றைய தேதி தெரிய வேண்டும் இல்லையா, அதை சிஸ்டம் ப்ராம்ப்டில் போட்டோம். டெலிவரி நிலைக்கு ஸ்கீமாவிலேயே 'ஈனம்' (enum, இந்த மதிப்புகள் மட்டும்தான் வரலாம் என்ற பட்டியல்) கொடுத்ததும், மாடல் சொந்தமாக நிலைகளை உருவாக்குவது நின்றது.

எழுத்தால் மட்டும் தீராத இடங்களும் உண்டு. ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் எழுதிய ஒரு கட்டுரையில், அவர்களுடைய கோடிங் ஏஜென்ட் வேறு ஃபோல்டருக்குப் போன பிறகு ஃபைல் பாதையைத் தவறாகக் கொடுத்ததையும், முழுப் பாதையைக் கட்டாயமாக்கியதும் அந்தத் தவறு போனதையும் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு அது ஆர்டரை ரத்து செய்யும் டூல். "அனுப்பிய ஆர்டரை ரத்து செய்யக் கூடாது" என்று விளக்கத்தில் எழுதியதோடு நிற்காமல், கோடிலேயே தடுத்துவிட்டோம். 'கோரிக்கை தவறு' என்று மட்டும் சொல்லும் வெறும் 400 எர்ரர் அனுப்பினால் மாடல் அதையே திரும்பத் திரும்ப முயலும். அதனால் "இந்த ஆர்டர் அனுப்பப்பட்டுவிட்டது, ரத்து செய்ய முடியாது, ரிட்டர்ன் டூலைப் பயன்படுத்தவும்" என்று வழி சொல்லும் எர்ரராக மாற்றினோம்.

அப்புறம் மாடலின் புதிய பதிப்புக்கு மாறினோம். பழைய மாடல் சர்ச் டூலை அடிக்கடி மறந்ததால் "கண்டிப்பாக, எப்போதும் இதை முதலில் அழைக்கவும்" என்று யாரோ காரமாக எழுதி வைத்திருந்தார்கள். புதியது அதை அப்படியே எடுத்துக்கொண்டு, "நன்றி" என்று சொன்னவருக்கும் ஆர்டரைத் தேட ஆரம்பித்தது. அந்த வரியை எடுத்துவிட்டு, "ஆர்டர் பற்றிய கேள்வி வந்து, ஆர்டர் எண் தெரியாதபோது" என்று சாதாரணமாக எழுதியதும் சரியாகிவிட்டது.