காளை சின்னது, வானம் பெருசு

மதுரையில ஒரு சின்ன டிசைன் ஆபீஸ்ல நாலு வருஷம் வேல பாத்தேன். சுவர் ஓவியம், ரவுண்டானா சிலை இந்த மாதிரி வேலைக்கெல்லாம் டிராயிங் போட்டு, எஸ்டிமேட் தயார் பண்ணி, பணம் குடுக்குறவங்க வாசல்ல போய் நிக்கணும். படம் வரையுற வேலைன்னு நெனச்சுத்தான் சேந்தேன், முக்காவாசி நேரம் எக்ஸெல்லோடதான் போச்சு.

மொத அடியே ரேட்டுலதான். நாங்க போன ஒரு ஆபீஸ்ல, படத்துக்குன்னு தனி ஐட்டம் போட முடியாது, சுவத்துக்கு வர்ணம் அடிக்கிற பெயிண்டிங் ஐட்டத்துலதான் போகும்னுட்டாங்க. அப்படின்னா ஸ்கொயர் ஃபீட் கணக்கு. ஜல்லிக்கட்டுக் காளையோட கண்ணுக்கும் ஒரே ரேட்டு, பின்னாடி இருக்குற வெறும் நீல வானத்துக்கும் அதே ரேட்டு. கண்ண வரைய ஒரு ஆர்டிஸ்டுக்கு ஒரு நாள் போயிரும், வானத்த ரோலர வச்சு ஒரு மணி நேரத்துல இழுத்துறலாம், அப்ப கான்ட்ராக்ட் எடுக்குறவரு என்ன பண்ணுவாரு? காளையச் சுருக்கி வானத்த விரிச்சுட்டாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, கணக்கு அப்படி.

அந்தச் சுவர் ஆத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு. எங்ககூட ஒரு பெரியவர் இருந்தாரு, கடைக்கு போர்டு எழுதுனவரு, ஃப்ளெக்ஸ் வந்து தொழில் படுத்தப்புறம் எங்ககிட்ட வந்தாரு. அவரு சுவத்துல உள்ளங்கைய வச்சு அப்படியே ஒரு நிமிஷம் நின்னாரு. அப்புறம் நகத்தால சுரண்டி, விரல்ல ஒட்டுன வெள்ளப் பொடிய நாக்குல வச்சுப் பாத்துட்டு, “தம்பி, உப்பு பூத்துருக்கு. இதுல இப்ப பெயிண்ட் அடிச்சா நிக்காது, ரெண்டு மாசம் காயப்போடுங்க, ஓதம் எங்கிட்டு இருந்து வருதுன்னு பாருங்க”ன்னாரு. நான் போய்ச் சொன்னேன். மார்ச் முடியுறதுக்குள்ள பில் போடலேன்னா பணம் திரும்பிப் போயிரும்னு பதில் வந்துச்சு. அடிச்சோம். அடுத்த ஐப்பசி மழையில காளையோட திமில் பத்தையாக் கழண்டு விழுந்துருச்சு.

தனியார் பணமாவது சுளுவா வரும்னு பாத்தா அது வேற கூத்து. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி ஒரு அளவுக்கு மேல பெரிய கம்பெனி, மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவு பண்ணணும், அந்தப் பட்டியல்ல கலை, பண்பாடும் இருக்கு. நாங்க பாத்த ஒருத்தரு ஓவியத்துல பாதிக்கு லோகோ கேட்டாரு. ட்யூப்லைட்ல வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம் எழுதுவாங்கள்ல, அந்தக் கதைதான். விளம்பரத்துக்காகப் பண்ற ஸ்பான்சர்ஷிப்ப இந்தக் கணக்குல சேக்க முடியாதுன்னு 2021 விதியில இருக்கு சார்னு பிரிண்ட் எடுத்து நீட்டுனேன். லோகோ சின்னதாச்சு, செக்கும் சின்னதாச்சு.

பிலடெல்பியாவுல 1959-லயே, பொதுக் கட்டடம் கட்டுற செலவுல ஒரு சதவீதத்தக் கலைக்குன்னு ஒதுக்க சட்டம் போட்டுட்டாங்க. ஆரம்பத்துல நான் எல்லா மீட்டிங்லயும் இதத்தான் சொல்லுவேன், டீ ஆறிப்போகும். அப்புறம் ஒரு நாள் மீனாட்சி கோயில் தெக்குக் கோபுரத்த அண்ணாந்து பாத்தப்பதான் உறைச்சுச்சு, இத விட்டுட்டு எங்கிட்டுப் போய்த் தேடிக்கிட்டு இருந்தேன்? ஆயிரத்துக்கு மேல சுதை பொம்மை, 2009 கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டி ஒவ்வொண்ணா வர்ணம் தீட்டுனாங்க. பன்னெண்டு வருஷத்துக்கு ஒருதடவைன்னு மொறை இருக்கு. நாள் தள்ளிப்போகலாம், ஆனா மறுபடி தொடணும்ங்கிறது யாருக்கும் மறக்காது. எங்க எஸ்டிமேட்ல அந்த ஒரு வரியே இல்லாம இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் போட்ட ஒவ்வொரு எஸ்டிமேட்லயும் கடைசியா ரெண்டு வரி சேத்தேன்: சுவர் காயுற காலம், மூணாவது வருஷ மறுவர்ணம். ஒரு ஆபீஸ்ல செவப்பு மசியில அடிச்சாங்க, இன்னொன்னுல “ஏம்ப்பா, இப்பவே ரிப்பேருக்குக் காசு கேக்குறியே, உன் வேல மேல உனக்கே நம்பிக்க இல்லையா?”ன்னாங்க. ஒரே ஒரு எடத்துல மட்டும், பள்ளிக்கூடச் சுவத்துக்கு, பாஸ் ஆச்சு. பெரியவருக்குப் போன் போட்டேன். “மொதல்ல தொட்டுப் பாப்போம் தம்பி, எடம் எங்க?”ன்னாரு.