சிஓ-29

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு கிளெய்மைத் தீர்த்து அனுப்பும் இஓபி என்ற கணக்கு விவரத் தாளில், தொகையைவிட அதன் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துதான் முக்கியம். பிஆர் என்றிருந்தால் நோயாளி கட்ட வேண்டும். சிஓ என்றிருந்தால், அந்த இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் டாக்டர் அதை நோயாளியிடம் கேட்கக் கூடாது. சென்னையில் ஏஆர் காலராக, அதாவது அமெரிக்க டாக்டர்களுக்கு வர வேண்டிய பணத்துக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் போனில் பேசும் வேலையில், சேரும் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சாயங்காலம் லாகின், விடியற்காலை கேப், நடுவில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஹோல்ட் மியூசிக். இந்த வேலையில் சில வருடங்கள் இருந்தேன்.

வெளியில் சொன்னால் எல்லோரும் கேட்பது, "அமெரிக்கக்காரன் போனில் திட்டுவானா?" என்றுதான். எங்கள் பிராஜெக்டில் நோயாளிகளோடு எங்களுக்குப் பேச்சே கிடையாது. நாங்கள் பேசுவது இன்சூரன்ஸோடு. நோயாளி பேசுவது டாக்டர் ஆபீஸோடு. எங்களை உண்மையில் படுத்தியது அந்த ஆபீஸ்தான்.

ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு அம்மா வழக்கமான செக்கப்புக்காக இல்லாமல், முழங்கால் வலி என்று வந்திருக்கிறார். அங்கே வேலை வழியாக வரும் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஜனவரி 1 அன்றுதான் மாறும். அதனால் அந்த மாதம் முழுக்க வருகிறவர்களிடம் எல்லாம் "கார்டு மாறியிருக்கா?" என்று கேட்டே ஆக வேண்டும். கேட்க மறந்தாலும் கம்ப்யூட்டரில் எலிஜிபிலிட்டி செக் ஓட்டினால் சில நொடிகளில் தெரிந்துவிடும். இரண்டும் நடக்கவில்லை. ஃப்ரண்ட் டெஸ்கில் இருந்த பெண்ணை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். போன் எடுப்பது, கோபே (நோயாளி தன் பங்காகக் கட்டும் தொகை) வாங்குவது, அப்பாயின்ட்மென்ட் போடுவது எல்லாம் அவர் ஒருவர்தான்.

கிளெய்ம் பழைய இன்சூரன்ஸுக்குப் போனது. பிப்ரவரி கடைசியில் சிஓ-27 என்று திரும்பி வந்தது. சிகிச்சை நாளில் பாலிசி உயிரோடு இல்லை என்று அர்த்தம். அந்தக் கடிதம் கிளினிக்கின் தபால் தட்டிலேயே தூங்கிவிட்டு, ஏப்ரல் கடைசியில்தான் ஸ்கேன் ஆகி எங்களுக்கு வந்தது. புது கார்டு விவரம் கேட்டு எழுதினோம். பதில் இல்லை. திரும்ப எழுதினோம், மேனேஜர் லீவு. ஒருவழியாக விவரம் கிடைத்து மே மாத நடுவில் புது இன்சூரன்ஸுக்கு அனுப்பினால், சிஓ-29. அனுப்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது என்று அர்த்தம். கிளெய்ம் அனுப்ப, பெரும்பாலும் முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர் ஒரு வருடம் தருகிறது. தனியார் கம்பெனிகளில் ஒப்பந்தத்தைப் பொறுத்து 90 நாள், 180 நாள் என்று மாறும். இவர்களுக்கு 90. கெடு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது.

இதுவரை நடந்தது சோம்பேறித்தனம், எல்லா ஆபீஸிலும் உள்ளதுதான். அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆபீஸ் மேனேஜர் அந்த முழுத் தொகையையும் நோயாளி பெயருக்கு மாற்றி பில் அனுப்பிவிட்டார். அக்கவுன்ட் நோட்ஸில் அவர் எழுதியிருந்தது: நோயாளி புது இன்சூரன்ஸைச் சொல்லவில்லை. கேட்டார்களா என்பதற்கு நோட்ஸில் ஒரு வரிகூட இல்லை.

இது சிஓ, நோயாளியிடம் வாங்கக் கூடாது என்று நான் எழுதினேன். "கிளையன்ட் சொல்றதைச் செய், நமக்கு எதுக்கும்மா வம்பு" என்றார் டீம் லீட். அவர் நிலைமையும் புரிந்தது. கான்ட்ராக்ட் போனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இதற்கிடையில் அந்த அம்மா கிளினிக்குக்கு விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு அழைப்புக்கும் நோட்ஸில் ஒரு வரி விழும். பில்லிங் வெளியே கொடுத்திருக்கிறோம் என்று ஒரு நாள், இன்சூரன்ஸைக் கேளுங்கள் என்று இன்னொரு நாள். இன்சூரன்ஸ் அவரை மறுபடி கிளினிக்குக்கே அனுப்பியிருக்கும். ஊர் நடுவில் நட்ட கம்பத்தைச் சுற்றுவதுபோல அவரைச் சுற்ற விட்டார்கள். அதையெல்லாம் நான் பெருங்குடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

ஒரே வழி அப்பீல். தவறான கம்பெனிக்காவது கெடுவுக்குள் அனுப்பியிருந்தால், அது மறுத்த தேதியிலிருந்து நாளைக் கணக்கிடச் சில இன்சூரன்ஸ்கள் ஒப்புக்கொள்ளும். மேனேஜரின் தட்டில் தூங்கிய அதே சிஓ-27 கடிதம்தான் இப்போது ஆதாரம். டீம் லீட் முணுமுணுத்துக்கொண்டே அனுமதித்தார். அப்பீல் ஜெயித்தது.

ஆனால் இன்சூரன்ஸ் ஒரு டாலர்கூடத் தரவில்லை. ஜனவரி முதல் வாரம் அல்லவா, அந்த அம்மாவின் டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தரத் தொடங்கும்முன் ஒவ்வொரு வருடமும் நோயாளியே கட்ட வேண்டிய தொகை, அப்போதுதான் தொடங்கியிருந்தது. வந்த கோடு பிஆர்-1. ஆக, அவர் கட்டத்தான் வேண்டும். கிளினிக் போட்ட முழு ரேட்டை அல்ல, இன்சூரன்ஸ் ஒப்பந்த ரேட்டை. அது பாதிக்கும் கீழே. மிச்சத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, கட்டியது அவருடைய டிடக்டிபிள் கணக்கில் சேரும் என்பதையும் அவரிடம் சொல்லும்படி நோட்ஸில் எழுதினேன். மேனேஜர் தள்ளுபடியைப் போட்டார், புது பில் அனுப்பினார். சொன்னாரா என்பது நோட்ஸில் இல்லை.