99.9 சதவீதம் என்று சொன்னபோது

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கேபிள் இல்லாமல், காற்றின் வழியே லேசர் ஒளியில் டேட்டா அனுப்பும் இணைப்புதான் லேசர் லிங்க். அதைப் போடலாம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது மழையைப் பற்றித்தான். தன் அலுவலகத்துக்கு லிங்க் கேட்டு வந்த ஒரு மேடமும் அதையே கேட்டார்.

"மழை தாங்குமா சார்?"

"தாங்கும் மேடம். மூடுபனியைத்தான் பார்க்கணும்."

"அது எவ்வளவு பாதிக்கும்?"

"வருஷக் கணக்கில் 99.9 சதவீத நேரம் லிங்க் இருக்கும்."

சரி என்று தலையசைத்துவிட்டு விலைப்பட்டியலுக்குப் போய்விட்டார்.

இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன். மழைத்துளி மில்லிமீட்டர் அளவு. எங்கள் லேசரின் அலைநீளம் 1.55 மைக்ரான். மணிக்கு 25 மில்லிமீட்டர் மழை கொட்டினாலும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டெசிபல்தான் இழப்பு, அதாவது ஒளியில் பத்தில் ஒரு பங்காவது மிஞ்சும். அந்த இழப்பைத் தாங்கும் கூடுதல் பவர், அதாவது மார்ஜின், அந்த லிங்க்கில் இருந்தது. மூடுபனித் துளிகளோ மைக்ரான் அளவில், அலைநீளத்தை ஒட்டி, காற்று முழுக்க நிறைந்திருப்பவை. ஒளியைச் சிதறடித்துவிடும். பார்வைத்தூரம் 200 மீட்டருக்குக் கீழே இறங்கினால் இழப்பு கிலோமீட்டருக்கு 60 டெசிபலைத் தாண்டும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அனுப்பிய ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 850 நானோமீட்டர் அலைநீள லேசருக்குப் பதில் 1550, அதாவது எங்களுடைய 1.55 மைக்ரான், போட்டால் தப்பிக்கலாம் என்பார்கள். அதில் கண்ணுக்கு ஆபத்து குறைவு, கூடுதல் பவர் விடலாம், சரி. அடர்ந்த மூடுபனிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவும் மேடத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இருந்தது. லேசர் நின்றால் கைகொடுக்க ரேடியோ பேக்கப் வைக்கவும் எழுதியிருந்தேன். 80 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கனமழையில் தடுமாறும், மூடுபனியில் அவ்வளவாகப் பாதிக்கப்படாது; லேசருக்கு நல்ல துணை. செலவைக் குறைக்க அதை நீக்கியது அவர்கள்.

குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை லிங்க் விழுந்தது. மறுநாளும் அதே நேரம். இரவு ஷிஃப்ட்டின் கணக்கை முடித்து அடுத்த கட்டடத்துக்கு அனுப்பும் நேரமாம் அது. மேடம் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. "அந்த 0.1 இப்படி வரும்னு நான் நினைக்கலை சார்" என்றார்.

வருடத்தில் 0.1 சதவீதம் என்றால் 8 மணி 45 நிமிடம். அங்கே ஒரு நொடி, இங்கே ஒரு நொடி என்று அவர் நினைத்திருக்கலாம். மூடுபனி அப்படி வராது. அதற்கென்று பருவம் உண்டு, சூரியன் ஏறுவதற்கு முன்பான நேரம் உண்டு. வந்தால் மணிக்கணக்கில் நிற்கும். எவ்வளவு என்று கேட்டார், எவ்வளவு என்று சொன்னேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கும் பதில் சொல்வது என் வேலையா? மாதவாரியாகப் பார்வைத்தூர அட்டவணை கொடுத்திருந்தேனே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அந்த அட்டவணையைத் தன் ஷிஃப்ட் நேரத்தோடு பொருத்திப் பார்க்க யாருக்குத் தோன்றும் என்றும் உடனே தோன்றுகிறது. அவர்களுடைய ஷிஃப்ட் நேரம் எனக்குத் தெரியாது. எங்கள் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை.

அடுத்து வந்தவர்களிடம் நேரத்திலிருந்தே தொடங்கினேன். குளிர்காலத்தில் சில விடியற்காலைகளில் மணிக்கணக்கில் லிங்க் இருக்காது என்றேன். பயந்துவிட்டார்கள். ஃபைபரே போட்டுக்கொள்கிறோம் என்று போனவர்களுக்குச் சாலையைத் தோண்ட அனுமதி இன்னும் வரவில்லை; பழைய இணைப்பில் எல்லா நாளும் எல்லா நேரமும் திணறுகிறார்கள். மேடத்தின் அலுவலகமோ பிறகு ரேடியோவும் வைத்து நிம்மதியாக இருக்கிறது. இவர்களிடமும் சதவீதத்தோடு நிறுத்தியிருந்தால் நன்மையாகத்தான் முடிந்திருக்குமோ? அப்படி நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நினைப்பு வருகிறது.

இனி லேசரையும் ரேடியோவையும் சேர்த்தே ஒரே விலையாகக் கொடுத்துவிடலாம் என்று அலுவலகத்தில் ஒரு யோசனை இருக்கிறது. தொழில்நுட்பப்படி சரியான யோசனை. ஆனால் பேக்கப் வேண்டுமா, வேண்டாமா என்ற முடிவு அப்போது வாடிக்கையாளர் கையில் இருக்காது. அதற்கு நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.