ஓஎஸ் மாற்றியும் போகாத டெர்மினல் கோளாறு

உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ் போட்ட லேப்டாப்பில் டெர்மினலை, அதாவது கமாண்டுகளை (கட்டளைகளை) எழுத்தாக அடிக்கும் திரையைத் திறந்து நீளமான கமாண்ட் அடித்தால், வலது ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே எழுத்து அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி, பிராம்ப்டின் (கமாண்டுக்கு முன்னால் தானாக வரும் சிறு எழுத்துத் தொடர்) மேலேயே ஏறிவிடும். மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கமாண்டுகளைப் புரட்டினால், முந்தையதன் வால் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பேக்ஸ்பேஸுக்கும் போகாது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதோடு முடிகிற விஷயமில்லை இது. திரையில் தெரிவது ஒன்று, என்டர் தட்டினால் ஓடுவது வேறொன்று. சர்வரில் கோப்புகளை அழிக்கும் கமாண்டைத் திருத்தும்போது இப்படி ஆனால்? நினைத்தாலே கை நடுங்குகிறது.

நான் கோத்தகிரியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். அலுவலகம் கோவையில். உதவிப் பிரிவில் புகார் கொடுத்தால், "மலையில இருக்கீங்க இல்ல மேடம், நெட் அப்படித்தான் இருக்கும்" என்று பதில். ஐப்பசி மழையில் இங்கே கரண்ட்டும் நெட்டும் போவது உண்மைதான். அதனால் வரும் கோளாறு வேறு மாதிரி இருக்கும். தூரத்துச் சர்வரோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாக, ஒரே டெர்மினலில் பல திரைகளை நடத்தும் டிமக்ஸை மவுஸ் மோடில் (மவுஸ் அசைவையும் அதுவே வாங்கிக்கொள்ளும் நிலை) ஓட்டும்போது இணைப்பு அறுந்தால், அந்த மோடை அணைக்க ஆளில்லாமல், மவுஸைத் தொட்டாலே எண்களும் அரைப்புள்ளிகளும் திரையில் கொட்டும். ரீசெட் என்று அடித்தால் சரியாகிவிடும். என் கோளாறு ரீசெட்டுக்கு அசையவே இல்லை. வைஃபையை அணைத்துவிட்டு அடித்தாலும் அதேதான். இதைச் சொல்லியும் எடுபடவில்லை.

கடைசியில் "கொண்டு வாங்க, ஓஎஸ் மாத்திடலாம்" என்றார்கள். பனிமூட்டத்தில் மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி கோவை போய், பகல் முழுக்கக் காத்திருந்து, புதிதாக உபுண்டு ஏற்றி வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தால் அதே கோளாறு. வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அப்புறம் நானே உட்கார்ந்தேன். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் வரும் கறுப்புத் திரையில் லாகின் செய்து பார்த்தேன். அங்கேயும் அதே கூத்து. ஆக, டெர்மினல் செயலி மேல் பழி இல்லை. அடுத்து, அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லை, அதன் தொடக்கக் கோப்புகளைப் படிக்காமலே திறந்தேன். பாஷ் என்று அடித்து, இடைவெளி விட்டு, இரண்டு ஹைஃபன் போட்டு நோஆர்சி என்று சேர்த்தால் போதும். நிறமில்லாத பிராம்ப்ட் வந்தது. நீளமான கமாண்ட் ஒழுங்காக அடுத்த வரிக்கு இறங்கியது. கைதட்டாத குறைதான்!

ஆக, தப்பு தொடக்கக் கோப்புகளில்தான். பாஷ் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில், உபுண்டுவோடு வரும் பகுதியில் தப்பில்லை. அதன் கடைசி வரி, லேப்டாப்பைத் தயார் செய்ய அலுவலகம் ஓட்டும் செட்டப் ஸ்கிரிப்ட் சேர்த்தது, அது இன்னொரு கோப்பை இழுத்து வந்தது. பிராம்ப்டை முடிவு செய்யும் பிஎஸ்1 வரி அங்கே இருந்தது. பச்சை, நீலம் என்று நிறக் குறியீடுகள் அப்படியே மொட்டையாக. நிறக் குறியீடு திரையில் இடம் பிடிக்காது. ஆனால் பாஷ் அதையும் எழுத்தாக எண்ணி, பிராம்ப்ட் இருப்பதைவிட நீளம் என்று கணக்குப் போடுகிறது. வரி எங்கே மடங்க வேண்டும் என்பதே தப்பிப்போகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் பேக்ஸ்லாஷும் திறக்கும் சதுர அடைப்பும், பின்னால் பேக்ஸ்லாஷும் மூடும் சதுர அடைப்பும் போட்டால் பாஷ் அதை எண்ணாது. அவ்வளவுதான். ஓஎஸ் மாற்றி என்ன பயன்? மாற்றிய கையோடு அதே ஸ்கிரிப்டைத்தானே ஓட்டினார்கள்!

இதே தொல்லை உள்ளவர்கள் அலுவலகக் கோப்பில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் திருத்தம் காணாமல் போகும். சரிசெய்த பிஎஸ்1 வரியை உங்கள் பாஷ்ஆர்சியின் கடைசியில், அந்தக் கோப்பை இழுக்கும் வரிக்குக் கீழே வையுங்கள். கிட் (நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி) பிராஞ்ச் பெயரை பிராம்ப்டில் நிறத்தோடு காட்ட ஃபங்ஷன் எழுதியிருந்தால், அதன் வெளியீட்டுக்குள் சதுர அடைப்பு வித்தை பலிக்காது. அங்கே குறியீட்டுக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் 001, பின்னால் பேக்ஸ்லாஷ் 002 போட வேண்டும்.

திருத்திய வரியை உதவிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். 'நெட் பிரச்சினை' என்று மூடிய புகாரை மறுபடி திறக்கவும் சொல்லியிருக்கிறேன். அந்த ஸ்கிரிப்ட் ஓடிய ஒவ்வொரு லேப்டாப்பிலும் இதே வரி இருக்கிறது.