சிண்டிக்கை மாற்றவேண்டுமா? முதலில் 334ஐ எண்ணுங்கள்

பிரான்சில் ஒரு கட்டிடமே தன் சிண்டிக், அதாவது வீட்டு உரிமையாளர்களுக்காகக் கட்டிடத்தை நிர்வகிப்பவர், சரியில்லை என்று சொல்லும். உரிமையாளர் கூட்டம் முடிந்தால் பழையவரே திரும்ப வந்திருப்பார். பெரும்பாலும் கூட்டத்துக்கு வராதவர்களின் வாக்கு கிடைக்காததுதான் காரணம்.

கூட்டுரிமைக் கட்டிடங்களுக்கான 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வந்தவர்களில் பாதியைப் பார்ப்பதில்லை. கட்டிடத்தின் எல்லாத் தான்தியேம்களிலும் (ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு, அதுவே வாக்குப் பலம்) பாதிக்கு மேல் கேட்கிறது. 1000 தான்தியேம் என்றால் 501. வந்திருப்பதே 560 என்றால் அது எங்கே கிடைக்கும்? அதற்குத்தான் 25-1ஆம் பிரிவு: மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 334, கிடைத்தால் அங்கேயே இரண்டாம் வாக்கெடுப்பு, அதில் எதிர்ப்பைவிட ஆதரவு அதிகம் இருந்தால் போதும். புதியவருக்கு ஆதரவு 310, எதிர்ப்பு 250 என்றால் அந்த இரண்டாம் சுற்றே கிடையாது. கண்ணெதிரே பெரும்பான்மை இருந்தும் தோல்வி.

ஆகவே உண்மையான வேலை கூட்டத்துக்கு முந்திய வாரங்களில் கதவு கதவாகத் தட்டுவது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர்களை முதலில் பிடியுங்கள். ஒருவர் மூன்று பேருக்காக வாக்களிக்கலாம். அதற்கு மேல் போனால் அவருடைய சொந்த வாக்கும் சேர்த்து மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தபால் வாக்குப் படிவம் கூட்டத்துக்கு மூன்று முழு நாட்களுக்கு முன்பே சிண்டிக்கிடம் சேரவேண்டும்.

இன்னொரு பொறி. கூட்டத்தின் செயலாளர் பெரும்பாலும் பழைய சிண்டிக்தான். தன் பெயரை முதலில் எடுத்து, 501 வராததும் தனக்கே உடனடியாக இரண்டாம் சுற்றை நடத்தப் பார்த்தால் எழுந்து தடுங்கள். அந்தச் சட்டத்துக்கான 1967ஆம் ஆண்டு ஆணையின் 19ஆம் பிரிவுப்படி எல்லா வேட்பாளர்களுக்கும் முதல் சுற்று முடியாமல் இரண்டாம் சுற்றுக்குப் போகக்கூடாது.

நிகழ்ச்சிநிரலில் இல்லாததற்கு வாக்கெடுப்பு இல்லை. தீர்மான வாசகத்தையும் புதியவரின் ஒப்பந்த வரைவையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் பழைய சிண்டிக்குக்கு அனுப்புங்கள். அழைப்பு 21 நாள் முன்பே போய்விடும் என்பதால் இரண்டு மாதம் முந்துவது நல்லது. பிந்தினால் அடுத்த கூட்டம்தான். ஒப்பந்தம் முடியும் திகதிக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் கூட்டம் நடந்தால், பழைய ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிக்கக் கூட்டம் தீர்மானிக்கலாம். நட்டஈடு கிடையாது. பழையது முடியும் திகதியையும் புதியது தொடங்கும் திகதியையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். எவருமே தெரிவாகாமல் பழைய ஒப்பந்தம் முடிந்துபோனால், கட்டிடம் சிண்டிக் இல்லாமல் நிற்கும்.

விலையை ஒப்பிடும்போது ஆண்டுத் தொகையில் மயங்கவேண்டாம். மலிவான சிண்டிக் மேலதிகக் கட்டணத்தில் மீட்டுக்கொள்வார்: கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டினால் மணிக்கணக்கு, பாக்கிக்காரருக்கு அனுப்பும் ஒவ்வொரு நினைவூட்டல் கடிதம், பெரிய திருத்தவேலைகளுக்கான சதவீதம். கடந்த ஆண்டு உங்கள் கட்டிடத்தில் இவை எத்தனை முறை வந்தன என்று எண்ணிப் பெருக்கிப் பாருங்கள்.

கைமாற்றத்துக்கும் கெடு உண்டு. பழையவர் 15 நாளுக்குள் கையிருப்பு நிலையையும் வங்கி விபரங்களையும், ஒரு மாதத்துக்குள் ஆவணங்கள் அனைத்தையும் தரவேண்டும். முடித்த கணக்கு அதற்குப் பின்னர் வரும். இழுபடுவது இந்தக் கணக்குத்தான். யார் எவ்வளவு பாக்கி என்பது தெரியாமல் புதியவர் ஒருவரிடமும் வசூலிக்கமுடியாது. லிஃப்ட் ஒப்பந்தம், காப்புறுதிப் பத்திரம், பராமரிப்புப் பதிவேடு, பாக்கிப் பட்டியல் இவற்றைப் பெயர் பெயராக எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கெடு தாண்டினால் பதிவுத் தபாலில் எச்சரிக்கை. அதற்கும் அசையாவிட்டால் புதிய சிண்டிக்கோ கொன்செய் சிண்டிகால் எனும் உரிமையாளர் குழுவின் தலைவரோ நீதிமன்றத்தை நாடலாம். நாள்கணக்கில் தண்டத்தொகை வைத்து ஒப்படைக்கச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.