லிட்டருக்கு எவ்ளோன்னு மட்டும் பார்த்தா குரோமியம் தப்பிச்சிடும்

நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்கறேன், பிளேட்டிங் பட்டறை, தோல் ஷாப்புன்னு பல இடத்துல இருந்து பாட்டில் வரும், அதுல குரோமியம், நிக்கல் மாதிரி உலோகம் எத்தனை மில்லிகிராம் இருக்குன்னு பாத்து ரிப்போர்ட் குடுக்கணும். ரொம்ப நாளா மனசுல இருக்கறத இங்க எழுதிடறேன்.

லிமிட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆறு, ஓடைல விடற தண்ணில மொத்த குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, அதுலயும் விஷம் அதிகமான ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் 0.1, நிக்கல் 3, ஜிங்க் 5. ஆனா எல்லாமே "லிட்டருக்கு". ஓட்டை அங்கதான் இருக்கு.

ஒரு பட்டறைக்கு ஒரு நாளைக்கு 10,000 லிட்டர் வெளிய விட மாசுக் கட்டுப்பாட்டு போர்டோட கன்சென்ட் (அனுமதி) இருக்குன்னு வைங்க. 2 மில்லிகிராம் கணக்குல 20 கிராம் குரோமியம்தான் போகலாம். இ.டி.பி (கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட்) சரியா ஓடல, லிட்டருக்கு 8 வருது, அப்ப 80 கிராம். இப்ப போரை ஆன் பண்ணி 30,000 லிட்டர் நல்ல தண்ணிய கலந்தா சாம்பிள்ல கரெக்டா 2 வரும், நானும் லிமிட்டுக்குள்ள இருக்குன்னுதான் ரிப்போர்ட் குடுப்பேன், ஆனா ஓடைக்கு போனது அதே 80 கிராம்தான், கூடவே 30,000 லிட்டர் நிலத்தடி தண்ணியும் வீணாச்சு. இத கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் வேணாம், அவுட்லெட் மீட்டர் ரீடிங்க எழுதி கான்சன்ட்ரேஷனோட பெருக்கினா போதும். கன்சென்ட்லயே கிலோலிட்டர் கணக்கு போட்டிருக்கு, ஆனா லேப்புக்கு வர்ற பாரத்துல பாதி நேரம் அந்த இடம் காலியாத்தான் இருக்கு.

சட்டத்துல வழி இல்லாம இல்ல. 1974 தண்ணீர் சட்டம் 21வது பிரிவுப்படி அதிகாரி நோட்டீஸ் குடுத்து, கம்பெனிக்காரர் முன்னாடி சாம்பிள் எடுத்து, ரெண்டா பிரிச்சு, சீல் வச்சு, ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், இல்லன்னா கோர்ட்ல நிக்காது. 33ஏ பிரிவுல கரண்ட கட் பண்ணி யூனிட்ட மூடவே அதிகாரம் இருக்கு. ஆனா லேப்புக்கு வர்றதுல நிறைய கம்பெனியே எடுத்துட்டு வர்ற பாட்டில். எங்க எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்கன்னு எனக்கு எப்படி தெரியும்? அதுக்காகத்தான் ரிப்போர்ட் அடில "சாம்பிள் லேப் எடுத்ததல்ல"ன்னு போடறோம், அந்த வரிய யாரு படிக்கறாங்க.

பாட்டில்லயும் விஷயம் இருக்கு. மொத்த உலோகத்துக்கு நைட்ரிக் ஆசிட் விட்டு பிஹெச் 2-க்கு கீழ கொண்டு வரணும், இல்லன்னா உலோகம் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கும், அளவு கம்மியா காட்டும். ஹெக்ஸாவேலன்ட்டுக்கு அந்த ஆசிட்டே ஆகாது, விஷம் கம்மியான ட்ரைவேலன்ட் குரோமியமா மாறிடும், அதனால தனி பாட்டில்ல எடுத்து ஐஸ்ல வச்சு சீக்கிரமா பாக்கணும். ரெண்டையும் ஒரே ஆசிட் பாட்டில்ல கொண்டு வந்து குடுத்தா வர்ற "இல்லை"ங்கற ரிசல்ட்டுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

பட்டறைக்காரங்க எல்லாரும் திருடங்கன்னு சொல்ல வரல. சின்ன யூனிட்ல இது நிஜமாவே கஷ்டம். மஞ்சளா வர்ற குரோம் தண்ணிய முதல்ல ஆசிட்ல பிஹெச் 2, 3-க்கு இறக்கி மெட்டாபைசல்பைட் போட்டா பச்சையா மாறும், அப்புறம் சுண்ணாம்பு போட்டு எட்டு, எட்டரைக்கு ஏத்தினா பச்சை சேறா கீழ படியும். நிக்கல் படிய பத்து பக்கம் வேணும், ஆனா அவ்ளோ ஏத்தினா படிஞ்ச குரோமியம் திரும்ப கரைய ஆரம்பிக்கும். எல்லா டேங்க் தண்ணியையும் ஒரே தொட்டில கொட்டிட்டு ஒரே ஆள வச்சு ஓட்டினா ஏதோ ஒண்ணு லிமிட் தாண்டத்தான் செய்யும். தனித்தனியா பிரிக்க குழாய் போடச் சொல்றதும் அதுக்கு உதவி பண்றதும் கட்டாயம் வேணும், வெறும் ஃபைன் மட்டும் போட்டா போர் மோட்டார்தான் கூட ஓடும்.

நான் நம்பற இன்னொரு கணக்கு சேறு. குரோமியம் மக்காது, ஆவியாகாது. வாங்கின குரோமிக் ஆசிட்ல இருந்த குரோமியம் பூசின சாமான்ல இருக்கணும், தொட்டில இருக்கணும், சேறுல இருக்கணும், இல்லன்னா தண்ணில போயிருக்கணும். ஆசிட் பில்லையும் கும்மிடிப்பூண்டில இருக்கற அபாயக் கழிவு கிடங்குக்கு சேறு அனுப்பின சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, வருஷம் பூரா ஆசிட் வாங்கிட்டு சேறு மட்டும் ரெண்டு மூட்டைன்னா மீதி எங்கன்னு கேக்கணுமா வேணாமா?

இதெல்லாம் பேப்பர் வேலைதானேன்னு தோணினா ராணிப்பேட்டை போய் பாருங்க. சிப்காட்ல 1990-கள்லயே மூடின குரோமேட் ஆலை விட்டுட்டு போன கழிவு லட்சம் டன்னுக்கு மேல, மழை பெஞ்சா மஞ்சத் தண்ணி வடியும். பாலாறு தோல் ஷாப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்ட்லயே தீர்ப்பு குடுத்தாச்சு, 35,000 ஹெக்டேர் நிலம் கொஞ்சமாவோ முழுசாவோ பயிர் பண்ண முடியாம போச்சுங்கற கணக்கு அந்த தீர்ப்புலயே இருக்கு. திரும்பவும் 2025 ஜனவரில அதே கோர்ட் அதே வேலூர் மாவட்டத்துக்கு நஷ்ட ஈடு பத்தி, மேற்பார்வை பத்தி உத்தரவு போட வேண்டி வந்துச்சு. நடுவுல ஓடினது 28 வருஷத்துக்கு மேல.

மாசுக் கட்டுப்பாட்டு போர்டுல இருக்கற இன்ஜினியர்ங்க யாராவது இத படிச்சா ஒரே ஒரு விஷயம் கேக்கறேன் சார். சாம்பிள் எடுக்கறப்ப அவுட்லெட் மீட்டர், போர் மீட்டர் ரெண்டு ரீடிங்கையும் பாட்டில் நம்பர் பக்கத்துலயே எழுதி அனுப்புங்க. பெருக்கி கிராம் கணக்குல ரிப்போர்ட்ல போட நாங்க ரெடி.